தண்டவாளத்தோர வீட்டுக்கு விளக்கு

ஜனவரி 9

தம்பி இன்று குளித்தான். இதெல்லாம் எழுதி வைக்கிற விஷயமா? எங்கள் வீட்டில் இப்போது இதுதான் விஷயம்.

ஜனவரி 11

விசாரணை முடிந்துவிட்டதாம். அவனுடைய மேலதிகாரி போன் செய்தார். "அவர் மேல தப்பே இல்லம்மா. ஹாரன் அடிச்சிருக்கார், பிரேக் போட்டிருக்கார். ஆனா ரயிலாச்சே, நெனச்ச எடத்துல நிக்குமா?"

தம்பியிடம் சொன்னேன். "சரி" என்றான், சுவரைப் பார்த்து. போன மாதம் ஒரு வளைவில் அவன் ஓட்டிவந்த சாயங்கால ரயிலுக்கு முன்னால் ஒரு பெண் வந்து அடிபட்டுச் செத்ததிலிருந்து அவன் சுவரோடுதான் பேசுகிறான். தண்டவாளத்தைத் தாண்ட வந்தாளா, சாக வந்தாளா, யாருக்கும் தெரியவில்லை.

முன்னறை மேசை முழுக்க அவன் ஆசை ஆசையாகப் போட்ட குட்டித் தண்டவாளம், குட்டி ஸ்டேஷன், குட்டி என்ஜின். எல்லாம் தூசி படிந்து கிடக்கிறது. துடைக்கப் போனால், "தொடாத" என்கிறான்.

ஜனவரி 17

கையில் எதையோ எடுத்துவிட்டான்! எப்போதோ வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பெட்டி. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கட்டுகிற ஒரு வீடு. சுவர்களை ஒட்டிவிட்டான். கதவும் கூரையும் பாக்கி.

"அக்கா, இதுக்குள்ள விளக்கு வைக்கணும். எனக்குக் கை நடுங்குது. நீ செஞ்சு தர்றியா?"

நான் பல்செட் செய்கிறவள். இடுக்கியும் குட்டித் துளைக்கருவியும் எனக்குப் புதிதா என்ன? "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லுவாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ரெண்டும் வாய்க்கல. வீட்டையாவது கட்டிடலாம்டா" என்றேன்.

சிரித்தான். சத்தமில்லாமல்தான். ஆனால் சிரித்தான்.

ஜனவரி 20

கண்றாவி. பல்பைப் போட்டதும் ஜன்னல் எரியவில்லை, சுவரே எரிந்தது. பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசிகிறது. ஒட்டின மூலைகளிலெல்லாம் கீற்று கீற்றாக ஒளி. "வீட்டுக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கு" என்றான். ஏற்கெனவே ஒரு பல்பு பொசுங்கிவிட்டது. மின்சாரத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரை வைக்க மறந்தது நான்தான்.

இனி உட்பக்கம் கருப்பு அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேலே வெளிர் மஞ்சள். நடுவில் அட்டைத் தடுப்பு வைத்து அறை பிரிக்க வேண்டும். "எல்லா ஜன்னலும் ஒண்ணா எரிஞ்சா அது வீடு இல்லக்கா, கடை."

ஜனவரி 26

பின்கதவைத் திறந்த மாதிரி ஒட்டச் சொல்கிறான். பெட்டிமேல் இருக்கிற படத்தில் கதவு மூடியிருக்கிறது என்றேன்.

"தெறந்துதான் இருக்கணும்" என்றான். பிறகு தானாகவே பேசினான். "இத்தன வருஷமா ஜனங்கள நான் பாத்ததெல்லாம் ஜன்னல் வழியாத்தான்க்கா. ஒரு ஜன்னல்ல யாரோ சாப்பிடுவாங்க. அடுத்ததுல யாரோ சட்டை மாட்டுவாங்க. அதுக்குள்ள தாண்டிடுவேன். அன்னிக்கு அவங்க எறங்கி வந்த வீட்டுப் பின்கதவு தெறந்திருந்துச்சு. உள்ள விளக்கு எரிஞ்சுது. என்ன இருக்குன்னு பாக்கறதுக்குள்ள..."

நிறுத்திவிட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் யார் வீட்டுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்?

ஜனவரி 27

வேலையில் கவனமே இல்லை. மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் பொருத்திவிட்டுத் திட்டு வாங்கினேன்.

ஜனவரி 30

"அந்த வீட்டுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு போய்ப் பாத்துட்டு வாக்கா."

"உனக்கென்ன பைத்தியமாடா?"

"அப்படியே வெச்சுக்கோ. ஆனா போயிட்டு வா."

பிப்ரவரி 3

போய்விட்டு வந்தேன். எந்தத் துணிச்சலில் போனேன்?

கதவைத் திறந்தவர் அவளுடைய கணவர். அச்சகத்தில் வேலை. நகக்கண்ணிலெல்லாம் மை. "அந்த வண்டிய ஓட்டினவனோட அக்கா நான்" என்று சொல்லிவிட்டு, அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"உள்ள வாங்க" என்றார். "போலீஸ் வந்தாங்க, ரயில்வே ஆளுங்க வந்தாங்க. ஓட்டினவர் எப்படி இருக்கார்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தரும் சொல்லல."

எங்கள் விலாசத்தைக் கேட்டார், கொடுத்தேன்.

பின்னறை சின்னது. ஒரு கட்டில். மடக்கு நாற்காலி. ஆணியில் மாட்டிய குடை. மூலையில் அடுப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் வந்தப்போ அடுப்புல பால் இருந்துச்சு. பொங்கி, அடுப்பு அணைஞ்சு போயிருந்துச்சு. சாகப் போறவ பால் வெப்பாளா? நீங்களே சொல்லுங்க. வெச்சாலும் வெப்பா. எனக்குத் தெரியல."

பிப்ரவரி 4

கட்டிலைச் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். குடையைச் சொன்னேன். பாலைச் சொல்லவில்லை.

அவளாகவே சாகத்தான் வந்தாள் என்ற நினைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி தொங்கிக்கொண்டிருக்கிறான். அதையும் நான் போய்ப் பிடுங்கவா?

பிப்ரவரி 12

முடிந்தது. ஜன்னலுக்கு டிஷ்யூ காகிதத்தில் திரை. தீக்குச்சியில் கட்டில். ஊசியும் கருப்புத் துணியும் குடை ஆயின. மேசையில் துளை போட்டு ஒயரைக் கீழே இறக்கினேன். பல்பு போனால் மாற்ற வேண்டுமே என்று கூரையை ஒட்டாமல் சும்மா வைத்திருக்கிறோம்.

அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். ஒரே ஒரு அறையில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போன மாதிரி. தம்பி முட்டி போட்டு அந்தத் திறந்த கதவுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான்.

என்ஜினைத் தொடவில்லை.

பிப்ரவரி 15

அச்சகக்காரர் வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், மத்தியானம். "பாத்துட்டுப் போலாம்னு..."

தம்பி எழுந்து நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவர் மேசையைச் சுற்றி வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்த அந்த வீட்டைப் பார்த்ததும் நின்றார். குனிந்தார்.

"யாரு செஞ்சது?"

"நாங்கதான். மன்னிச்சிடுங்க, அணைச்சிடறேன்" என்றேன்.

"எரியட்டும்." விரலால் மூலையைக் காட்டினார். "அடுப்பு இங்க இருக்கணும். பால் வெச்சிருந்தாளே. அக்கா சொல்லலையா?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ அவங்க திரும்பிப் போகத்தான் இருந்தாங்க. சாக வரல. நான்தான்..."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். "நானும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்."

சொல்லிவிட்டு அவரும் தரையில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குடிக்க ஏதாவது போடலாம் என்று உள்ளே போனேன். பாலை எடுக்கக் கை வரவில்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 16

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்டா."

அவ்வளவுதான். சாப்பிடவில்லை. நானும்.

பிப்ரவரி 21

கூரையைக் கழற்றி அவனே அடுப்பு வைத்தான். நடுங்குகிற கையோடு, காலையில் தொடங்கிப் பொழுது சாயும் வரை. குண்டூசித் தலைதான் பாத்திரம். மூன்று முறை கீழே விழுந்தது. உதவட்டுமா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

மார்ச் 5

இனி வண்டி ஓட்டப் போவதில்லை என்று மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு வேறெந்த ஆசையும் இருந்ததில்லை. ஓட்டுநர் தொப்பியை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19

அச்சகக்காரர் வீட்டைக் காலி செய்கிறாராம். சாமான் ஏற்ற தம்பி போயிருந்தான். கட்டிலின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை இவன் பிடித்தானாம். "என்னடா பேசினீங்க?" என்றேன். "கட்டில் வாசல்ல மாட்டிக்கிச்சு. சாய்ங்க, சாய்ங்கன்னு பேசினோம்."

ஏப்ரல் 18

தம்பிக்கு அட்டவணைப் பிரிவில் நாற்காலி வேலை கொடுத்திருக்கிறார்கள். எந்த வண்டி எப்போது எங்கே நிற்கும் என்று பார்க்கிற வேலை. இன்று முதல் நாள். சட்டையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

இருட்டி வெகு நேரம் கழித்து வந்தான். தெப்பலாக நனைந்திருந்தான். இரண்டு பஸ் மாற வேண்டியிருந்ததாம். அவன் ஆபீஸ் வாசலிலேயே ரயில் நிற்கும். ஏறினால் பாதி நேரத்தில் வீடு. அவனுக்குப் பாஸும் உண்டு.

துண்டை எடுத்துக் கொடுத்தேன். "சோறு ஆறிடுச்சுடா, சுட வெக்கறேன்" என்றேன்.