மூன்று ஓட்டை என்றார்கள்

12-8-2005, வெள்ளி

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மனைவி செல்வி பிழைப்பாளா என்று கேட்கும் முன், எப்போது உப்பு சுமப்பாள் என்று கேட்டுவிட்டேன்.

வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை டிவியில் பார்த்தே பித்தப்பையை எடுத்துவிடுவோம் என்றார்கள். ஆபரேஷன் பாதியில் டாக்டர் வெளியே வந்தார். "ரத்தக்குழாய் அறுந்துடுச்சுங்க. வயித்தைத் திறந்து கட்டிட்டு இருக்கோம்." அப்போதுதான் உப்பு சுமப்பதைப் பற்றிக் கேட்டேன். "மொதல்ல அவங்க பொழைக்கட்டும்யா" என்றார்.

பிழைத்துவிட்டாள். ஒரு வருடமாக அவள் வலியில் உட்காரும்போதெல்லாம், "மகாராணிக்குக் கூடை கனக்குதாம்" என்று உப்பளத்தையே சிரிக்க வைத்தவன் நான்.

சாயங்காலம் கண் விழித்தாள். "கிண்டல் பண்ணாதய்யா, சிரிச்சா தையல் வலிக்கும்" என்றாள்.

அவளுக்கு இன்று தண்ணீர்கூடக் கூடாதாம். வாங்கி வந்த இளநீரை நானே குடித்தேன். பாதி சட்டையில் சிந்திவிட்டது.