திங்கட்கிழமைத் தலைவலி

ஆர்ட்ராசன்
7 மார்ச் 2005

அன்புள்ள எல்ஸ்பெத் அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பொய் சொல்ல மனமில்லை. போனை எடுக்க உனக்கு நேரமில்லை, அதனால் கடிதம். எடின்பரோவில் உட்கார்ந்து பதினான்கு வருடமாக நீ உருவாக்கிய மறதிநோய் மாத்திரையை அப்பா விழுங்க ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை தவறாமல் தலைவலி. இன்று காலை, "டூகல், என் தொப்பி எங்கடா? நேத்து அதைப் போடாம விட்டுட்டேன், மண்டையப் பிளக்குது" என்று வீட்டையே புரட்டிப் போட்டார். டைனமைட் ஆலையை விட்டு வந்து இருபது வருடமாகிறது!

ஆனால் என் பெயரைச் சொன்னார். ஒரு வருடத்துக்குப் பிறகு.

உன் தம்பி,
டூகல்

எடின்பரோ
10 மார்ச்

டூகல்,

இதை நீ எனக்கு எழுதியிருக்கவே கூடாது. அப்பா சேர்ந்திருக்கும் மருந்துச் சோதனையில் யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று மருந்தைச் செய்த எனக்கே தெரியக்கூடாது. தலைவலி என்றதும் தெரிந்துவிட்டது.

ஆலையின் நைட்ரோகிளிசரின் காற்று அப்பா உடம்புக்குப் பழகியிருந்தது. ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போய்த் திங்களன்று தலை வெடிக்கும். அதற்காகத்தானே ஞாயிறன்றும் போட்டுக்கொள்ளத் தொப்பியின் உள்பட்டையில் ஒரு பொட்டு நைட்ரோ தடவிக்கொண்டு வருவார், அம்மா திட்டத் திட்ட? என் மாத்திரையும் அதே இனம். மூளையில் நைட்ரிக் ஆக்சைடை விட்டு ரத்தக் குழாயை விரிக்கிறது. தினமும் சாப்பிட்டால் முதல் வாரத்தோடு வலி நின்றிருக்க வேண்டும்.

சனி, ஞாயிறு மாத்திரை கொடுக்கிறாயா?

எல்ஸ்பெத்

ஆர்ட்ராசன்
14 மார்ச்

அக்கா,

கொடுக்கவில்லை. மற்ற நாட்களில் தாதி வருகிறாள், அந்த இரண்டு நாளும் நான் தனி ஆள். முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியதை நீ கேட்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று அந்த இரண்டு நாள் மாத்திரையையும் சாக்கடையில் போட்டேன்.

இனி ஒரு நாளும் தவற மாட்டேன். யாரிடமும் சொல்லாதே. சொன்னால் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். உன் காலில் விழுகிறேன்.

டூகல்

எடின்பரோ
18 மார்ச்

தம்பி,

சோதனைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவைச் சோதனையிலிருந்து நீக்குகிறார்கள். மாத்திரையைச் சோதனையில் உள்ள இருநூறு வீடுகளிலும் இப்படி இரக்கப்பட்டுக் கொட்டினால், அது வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம்.

உன் பெயரைச் சொன்னார் என்று எழுதியதைப் படித்து அழுதேன். என் பெயரைச் சொன்னாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

எல்ஸ்பெத்

ஆர்ட்ராசன்
11 ஏப்ரல்

எல்ஸ்பெத்,

சொன்னார். தாதி மாத்திரையை எடுத்துப்போன அன்றுதான் அலமாரிக்குப் பின்னால் தொப்பி கிடைத்தது. தூசியைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். "இத எல்ஸ்பெத்துக்கு அனுப்புடா. அவளும் நைட்ரோ வேலைக்குத்தான போறா? திங்கக்கிழம அவளுக்குத் தல வலிக்கும்."

கோபத்தில் மூன்று வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று பொட்டலம் கட்டும்போது, "யாருக்கு அது?" என்றார்.

"எல்ஸ்பெத்துக்குப்பா."

"அது யாரு?"

இன்று திங்கட்கிழமை. அவருக்குத் தலை வலிக்கவில்லை. பதில் எழுத வேண்டாம்.

டூகல்