பச்சை வேனும் உன் கிட்டாரும்

அன்பு மச்சான் செல்வத்துக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு கடுதாசிகூட எழுதாதவன் இப்போது பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எழுத என்ன அவசியம்? நீ பிரிக்பீல்ட்ஸ், நான் கிள்ளான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் வீட்டு வாசல். இப்போது நீ இருக்கிற இடத்துக்குப் பஸ் கிடையாது.

இதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. முதலாம் ஆண்டு நினைவு என்றால் ஒரு படமும் கீழே நாலு வரியும் போடுவதுதான் வழக்கம். சரோஜாவும் அதைத்தான் போடச் சொன்னாள். நாலு வரியில் நான் எதை முடித்திருக்கிறேன்? ஒரு பிறந்தநாள் வாழ்த்தையே பத்து நிமிஷம் வாசித்தவன் இல்லையா.

முதலில் செய்தி. உங்கள் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பெரிய ஸ்டேஷன் கட்டுகிறார்கள். எங்கே பார்த்தாலும் கிரேன். நீ வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் கடையில் இப்போது ஏர்கான் போட்டுவிட்டார்கள், ரசம்தான் ஆறிப்போய் வருகிறது. சரோஜாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தட்டை இன்னும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. என் மகன், நான் போன் செய்தால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்துக்கொள்வதாகத் தன் சிநேகிதர்களிடம் சொல்கிறான். நான் மறுக்கவில்லை.

வாணி நன்றாக இருக்கிறாள். உன் சிவப்புக் கிட்டாருக்குப் புதுத் தந்தி போட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு அவள்தான் காரணம். அதற்கு முன்னால் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

எழுபதுகளில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கல்யாண விருந்தோ கோயில் திருவிழாவோ, மேடையில் ஓர் இன்னிசைக் குழு கட்டாயம் இருக்கும். நம் குழுவில் செல்வம் கிட்டார். பகலில் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. என் தங்கை சரோஜாவைக் கட்டியது அப்புறம், முதலில் சிநேகிதன். நான் துறைமுகத்தில் ஸ்டோர் வேலை. மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடம் என்னை நிறுத்தியதா, நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேனா என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குப் பாட வராது, வாசிக்க வராது, தொண்டை மட்டும் பெரிது. அதனால் அறிவிப்பாளன் ஆனேன்.

அறிவிப்பாளன் வேலை என்ன? கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். யார் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று எல்லாப் பெயரையும் வாசிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டாலும் சண்டைதான். ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் மூணாவது மருமகன் பேர ஏன் தம்பி விட்டீங்க? அவரு நேத்துதான் எங்க கூடப் பேசவே ஆரம்பிச்சாரு" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. இத்தனை பெயரையும் எங்கே வாசிப்பது? பாடுகிறவர் வாயை மூடும் இடத்தில்தான். அந்த இடத்தில்தான் கிட்டார் தனியாக வரும்.

ஆக, மச்சான், பத்து வருஷம் நீ தனியாக வாசித்த ஒவ்வொரு முறையும் உன் மேல் நான் ஏறி உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

நீ வாசித்ததை நான் முழுசாகக் கேட்டது ஒரே ஒரு தடவை. கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. இரண்டாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, ஆம்ப்ளிபயர் செத்தது, பாடகி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். நீ மட்டும் நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் என்ன சத்தம் போடும்? கொசு மாதிரி. இரண்டாவது வரிசையில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்காது. உன் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. கையில் பதினாலு சீட்டு இருந்தும் நான் ஒன்றையும் வாசிக்கவில்லை. கரண்ட் வந்ததும் கைதட்டினார்கள். லைட்டுக்காகத்தான் தட்டினார்கள். நான் உனக்காகத் தட்டினேன். உனக்குத் தெரிந்ததா?

இன்னொன்று, கோலாலம்பூரில் வெள்ளைக்காரக் குழு வந்தபோது என்னை இழுத்துக்கொண்டு போனாயே. கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொட்டாவி விட்டேன். ஒருத்தனே பத்து நிமிஷமாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"பாட்டு எப்ப மச்சான் ஆரம்பிக்கும்?"

"பேசாம கேளுலா."

"பாட்றவன் எங்க போய்ட்டான்? ஒன்னுக்கா?"

"அவன் இல்லாமலே நடக்குது பாரு. அதான் விஷயம்."

என் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அது கிட்டார் கழுத்து என்று நினைத்து, அவன் வாசிக்க வாசிக்க விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாய். மறுநாள் அங்கே நாலு இடத்தில் நீலம் கட்டியிருந்தது. ஸ்டோரில் யார் அடித்தது என்று கேட்டார்கள். அந்த வெள்ளைக்காரன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவன் வாசித்ததைக் கேட்டது என் காது இல்லை, என் கைதான்.

இனி அந்தப் பச்சை வேன்.

கிள்ளான் கோயில் திருவிழா. சாயங்காலக் கச்சேரி. வாணிக்கு அப்போது நாலு வயது, மேடை ஓரத்தில் சரோஜா மடியில் தூங்கிவிட்டாள். நீண்ட பாட்டு ஒன்றின் நடுவில் நீ தனியாக வாசிக்க ஆரம்பித்தாய். ஒத்திகையில்கூட அப்படி வாசித்ததில்லை. சரியாக அதே நேரத்தில் கோயில் கமிட்டிக்காரர் ஓடி வந்து என் காதில், "ரதம் திரும்புது, ரோட்ட மறிச்சி ஒரு பச்ச வேன் நிக்குது, சொல்லுங்க அண்ணே" என்றார்.

சொன்னேன். சுருக்கமாகவா சொன்னேன்? பச்சை நிற வேன் என்றேன். எண்ணைச் சொன்னேன். எண்ணை இங்கே எழுதவில்லை. உரிமையாளர் இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறார், பத்திரிகையும் படிப்பார். முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது என்றேன். பின்பக்கம் ஒரு விளக்கு உடைந்திருக்கிறது என்றேன். அம்மனே நேரில் வந்து ஹாரன் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு மூன்று சீட்டையும் வாசித்துத் தீர்த்தேன்.

கச்சேரி முடிந்து நீ கிட்டாரைப் பெட்டியில் வைத்தாய்.

"என்னா மச்சான், வேன எடுத்தானா?"

"எடுத்துட்டான்."

"அப்ப சரி."

அடுத்த மாதம் ஒத்திகைக்கு நீ வரவில்லை. "ஷிப்ட் மாறிடுச்சி மச்சான்" என்றாய். அதற்குப் பிறகு நீ மேடை ஏறவே இல்லை. வீட்டில் வாசித்தாய், மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். பதினாறு வருஷம் நாம் சேர்ந்து கேரம் ஆடினோம், பத்துமலைக்குப் போனோம், ஒரே தட்டில் கோழி சாப்பிட்டோம். ஏன் விட்டாய் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்கே தெரியும் என்று நினைத்தேன்.

சவுண்ட் பெட்டிக்காரர் அன்று ஒரு கேசட்டில் பதிவு செய்து என்னிடம் கொடுத்திருந்தார். பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். ஒரு தரமும் கேட்கவில்லை.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் வாணி வந்தாள். உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபம் எடுத்து, பழைய சிநேகிதர்களைக் கூப்பிட்டு, மேடையில் நீ வாசித்ததில் ஒன்றை அப்படியே வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"மாமா, அப்பா ஸ்டேஜ்ல வாசிச்சத யாராச்சும் டேப் பண்ணாங்களா?"

"இல்லம்மா."

நான் சொன்ன வேகத்தைப் பார்த்து என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தாய்மாமன் சொன்ன பொய், பிள்ளை நம்பிவிட்டாள். பழைய ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள். யாரிடமும் இல்லை. போன மாதம் மறுபடி வந்தாள்.

"பரவால்ல மாமா. எனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி வாசிக்கப் பாக்கறேன். ஆனா நான்தான் எப்பவும் பாதியில தூங்கிடுவேன்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலி போட்டு ஏறி டின்னை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "உங்கப்பன் வாசிச்சது இது ஒன்னுதான்மா இருக்கு. அதையும் உன் மாமன் பேசியே கெடுத்துட்டான்" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் கேசட்டைப் போட்டதும் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே போய்விட்டேன்.

திரும்பத் திரும்ப என் குரல் வாசல்வரை கேட்டது. பச்சை நிற வேன். ரிவைண்ட். பச்சை நிற வேன். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

"மாமா, உள்ள வாங்க."

"இரும்மா, மழ வர மாதிரி இருக்கு, தண்ணி ஊத்திட்டு வரேன்."

"மழ வந்தா எதுக்கு மாமா தண்ணி? வாங்க."

உள்ளே உட்கார வைத்தாள். "உங்க பேச்ச விட்டுட்டு, நீங்க மூச்சு விடற எடத்த மட்டும் கேளுங்க" என்றாள்.

கேட்டேன், மச்சான். பச்சை நிற வேன் என்று சொல்லி நான் மூச்சு இழுக்கிறேன். அந்த இடத்தில் உன் கிட்டார் இரண்டு தரம் ஹாரன் அடிக்கிறது. எலுமிச்சம்பழம் தொங்குகிறது என்கிறேன். உன் கிட்டார் மேலேயும் கீழேயுமாக ஊஞ்சல் ஆடுகிறது. விளக்கு உடைந்ததைச் சொல்கிறேன். டங்கென்று ஒரு தந்தி. கூட்டம் அங்கேதான் சிரிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான். என் பேச்சுக்குச் சிரித்தார்கள் என்று பதினேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உனக்குச் சிரித்திருக்கிறார்கள்.

"அப்பா தனியா வாசிக்கல மாமா. உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீங்க இல்லன்னா இதுல பாதி வெறும் ஓட்டைதான்."

அப்படியானால் ஏன் விட்டாய்? உண்மையிலேயே ஷிப்ட்தானா? பதினேழு வருஷம் நான் நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிந்தது ஒரு ரயில்வே டைம்டேபிளையா? சரோஜாவிடம் கேட்டேன். "ஷிப்ட்டுதாண்ணே. அவருதான் அப்பவே சொன்னாரே" என்றாள், கறியைக் கிண்டிக்கொண்டே. உன் கூட வாழ்ந்தவள் சொல்கிறாள். நம்பிவிடட்டுமா?

வாணி அதோடு விடவில்லை. நினைவு நாளில் அவள் வாசிப்பாளாம், நான் மைக் பிடித்து அந்த அறிவிப்பைச் சொல்ல வேண்டுமாம்.

"அம்மாடி, பதினேழு வருஷம் ஆச்சி. அந்த வேன எடுத்துட்டாங்கம்மா."

"நீங்க சொல்லலன்னா நான் யாருக்கு மாமா பதில் வாசிக்கறது?"

இரண்டு வாரமாக ஒத்திகை. எங்கே மூச்சு விட்டேனோ அங்கேயே விட வேண்டும். அன்றைக்கு எனக்கு முப்பத்தைந்து வயது, இப்போது ஒரே மூச்சில் எலுமிச்சம்பழம்வரை போக முடியவில்லை. என் மகன் கதவோரம் நின்று சிரிக்கிறான். வேன் ஓனரையும் கூப்பிட வேண்டும் என்கிறான்.

ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கிறது. சீட்டெல்லாம் வாசித்து முடித்து நான் சும்மா இருக்கும்போது, கேசட்டில் நீ மட்டும் கொஞ்ச நேரம் வாசிக்கிறாய். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. மெதுவாக மேலே மேலே போகிறாய், உச்சிக்கு ஒரு படிதான் பாக்கி. அங்கே நான் வந்து, "நன்றி, நன்றி, அடுத்து வருவது" என்று ஆரம்பிக்கிறேன். அதற்குக் கீழே உன் கடைசிச் சத்தம் போய்விட்டது. வாணி பத்து தரம் கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன் மாமா" என்றாள். நீ சொல்கிற மாதிரியே சொன்னாள்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்றைக்கு மண்டபத்தில் வேன், எலுமிச்சம்பழம், உடைந்த விளக்கு, மூன்று சீட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். சொல்லி முடித்ததும் மைக்கை அணைத்துக் கீழே வைத்துவிடுவேன். அந்தக் கடைசிப் படியை உன் மகள் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன். நன்றிகூடச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
சரோஜாவின் அண்ணன், வாணியின் தாய்மாமன்,
உன் கிட்டாருக்கு வாய் கொடுத்த மச்சான்
கோவிந்தன், கிள்ளான்