அடி அண்ணாமலைக்கு டிராம் கேட்டோம்

அடி அண்ணாமலை
4.8.2002

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம், அங்கே உன் உடம்பும் வயிறும் சுகம்தானா என்று உடனே எழுது. கடுகெண்ணெய்ச் சமையல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய், கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன நாளிலிருந்து அதையேதான் எழுதுகிறாய், ஒரு ஸ்டவ் வாங்கி வைத்து ரசமாவது வைத்துக் குடி என்று நானும் அன்றிலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை மாதமாக ஏன் கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் உன் அம்மா வீட்டிலேயே இல்லை. நம் ஊருக்கு டிராம் வண்டி வேண்டும் என்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே, முழுசாகப் படி.

யாரோ கம்பெனிக்காரர்கள் நம் ஊருக்கு டிராம் விடலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி, மலை சுற்றும் பாதையோரமாகவே நம் ஊர் வரைக்கும் தண்டவாளம் போடுவதாக யோசனை. ஜனங்கள் கருத்துச் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டின மறுநாளே ஆட்டோக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், டவுனில் சில பெரிய மனிதர்கள் மலையைக் காலால்தான் சுற்ற வேண்டும், வண்டியில் சுற்றினால் பாவம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மலை சுற்றவா வண்டி கேட்டோம், டவுனுக்குப் போய்வரக் கேட்டோம். பௌர்ணமி வந்தால் நம் ஊர் கதி உனக்குத் தெரியாததா, பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது, வாசலில் இறங்கினால் கூட்டம் நம்மையும் தள்ளிக்கொண்டு போய் மலையைச் சுற்ற வைத்துவிடும். கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போன உன் பெரியம்மா ஒரு தடவை குபேர லிங்கக் கோயில் வரைக்கும் போய்விட்டு வந்தாளே.

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மருமகள் கவிநிலாவுக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே. செங்கம் ரோட்டு முனை வரைக்கும் போய்விட்டால் ஜீப் கிடைக்கும் என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் சேரில் இரண்டு மூங்கிலைக் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, நான்கு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு எதிர்த்தாற்போல் கிளம்பினோம். முன்னால் எல்லம்மாள் “வழி வுடுங்க, வழி வுடுங்க” என்று கத்திக்கொண்டு போகிறாள், பின்னால் நான் துணி மூட்டையோடு. கூட்டம் வழி விட்டது, ஆனால் என்னவென்று நினைத்துக்கொண்டது தெரியுமா, யாரோ சாமியாரம்மாவைத் தூக்கிப் போகிறார்கள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். கவிநிலா வலியில் கண்ணை மூடிப் பல்லைக் கடித்திருந்ததைத் தவம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா ஓடி வந்து அவள் மடியில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு யார் சிரித்தது. ஜீப்புக்கு முன்னால் குழந்தை முந்திக்கொண்டது. ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு ரூமில்தான் பிரசவம். நடந்து வந்தவர்களில் வேலூர் நர்ஸ் ஒருத்தி இருந்தாள், அவள்தான் அன்றைக்குத் தெய்வம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சௌக்கியம். ஆனால் அந்த நர்ஸ் மட்டும் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் என்று எல்லம்மாள் இன்னமும் ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்கிறாள்.

அதனால் டிராம் நோட்டீஸைப் பார்த்ததும் அவள் என் வீட்டுக்குத்தான் நேராக வந்தாள். “அக்கா, தண்டவாளத்து மேல ஜனம் நடக்க முடியாது இல்ல, அப்போ பௌர்ணமிக்கும் வண்டி ஓடும் இல்ல” என்று கேட்டாள். அதற்கு மேல் என்ன வேண்டும். நான், அவள், சைக்கிள் கடை இராமலிங்கம் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். மனு எழுதிக் கொடுத்தது உன் அப்பாதான், முத்து முத்தான கையெழுத்தில் மூன்று பக்கம். பிரச்சினை என்னவென்றால் ஊரில் ஒருத்தரும் டிராமைப் பார்த்ததில்லை. ரயிலா என்கிறார்கள், பஸ்ஸா என்கிறார்கள். நீ போன வருஷம் அனுப்பின போட்டோ ஞாபகத்துக்கு வந்தது, டிராம் படியில் ஒரு காலை வைத்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பாயே, அதை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு பின் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது, இராமலிங்கம் வீட்டுக்கு வீடு “நம்ம தங்கம்மா பையன்தான் கல்கத்தாவுல இத ஓட்டறான்” என்று சொல்லிவிட்டான். பேங்கில் வேலை என்று நான் எத்தனை தரம் திருத்தினாலும் ஒருத்தரும் நம்பவில்லை, அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். கை காட்டினால் நிற்குமா என்று ஒரு கிழவர் கேட்டார், அதற்கும் இராமலிங்கம், நிற்கும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்கும் என்று சொல்லிவிட்டான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியின் அளவுக்காரர்கள் வந்து பாதையோரம் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். கோடு நம் வீட்டு வராந்தாவில் ஏறிவிட்டது. அப்பா ரிட்டயர் ஆனதும் மொசைக் போட்டு, கிரில் வைத்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டினாரே, அதே வராந்தா. நாலடி போகும் என்றார்கள். அப்பா உள்ளே போய், நான் மேஜைமேல் வைத்திருந்த மனுவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். “ஊருக்கு டிராம் வரட்டும், என் வூட்டு மேல வர வேணாம்” என்றார். நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் மனசு விட்டுப்போனது. அந்த வராந்தாவில்தானே சாயங்காலம் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படிப்பேன். மூன்று நாள் நான் கையெழுத்துக்குப் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். நாலாவது நாள் எல்லம்மாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, கோட்ட நானும் பார்த்தேன், நீ வேணாம்னு சொன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டேன், நாங்களே பார்த்துக்கறோம்” என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் அப்படிச் சொல்லிவிட்டுக் குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மறுநாள் காலையில் உன் அப்பாவிடம் சாவி கேட்கவில்லை, ஒரு புது நோட்டு வாங்கி, எனக்குத் தெரிந்த எழுத்தில் மனுவை மறுபடி எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. சாப்பாடு மட்டும் ஒரே குழம்பு.

போன மாதம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் ஹாலில் கருத்துக் கேட்டார்கள். நாங்கள் ஒரு லாரி நிறையப் போனோம். ஆட்டோக்காரர்களுக்காக அன்பரசன் என்ற பையன் எழுந்து, நாங்க பொழக்கறது எப்படி என்று கேட்டான், பாவம், நியாயமான கேள்விதான். நான் எழுந்து, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தம்பி, டிராம் வந்து நிற்கிற இடத்திலிருந்து ஜனங்களை வீட்டுக்குக் கொண்டுபோக நீதானே வேணும், பௌர்ணமிக்கு உன் பெண்டாட்டிக்கு வலி வந்தால் உன் ஆட்டோவையே உள்ளே விட மாட்டார்களே என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். கோயில் குருக்கள் மௌலி எதிர்த்துப் பேசப் போகிறார் என்று பயந்திருந்தோம், அவரோ, “ஸ்வாமியே தேர்ல சக்கரத்து மேலதான் வரார், நடக்கறவா நடக்கட்டும், முடியாதவா ஏறிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஹாலே கைதட்டியது.

அப்புறம் அதிகாரி, கோட்டில் வீடு போகிறவர்கள் யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார். கடைசி வரிசையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒருத்தர் எழுந்தார். பார்த்தால் உன் அப்பா. பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது, எல்லம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தைப் பிரித்து, “ஐயா, நான் அப்பாசாமி, முப்பது வருஷம் சர்வேயில அளவுச் சங்கிலி இழுத்தவன், உங்க ஆளுங்க போட்ட கோடு தப்பு” என்றார். ஒரு வாரமாகத் தினமும் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறார். அளவுக்காரர்கள் சர்வே கல் என்று நினைத்துப் பிடித்து அளந்தது கிலோமீட்டர் கல்லாம். அதனால் கோடு கோணலாகப் போய், எல்லம்மாளின் மாட்டுக்கொட்டகையிலும் பள்ளிக்கூட மதிலிலும் ஏறியிருக்கிறது, சரியாகப் போட்டால் இரண்டும் தப்பித்துவிடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கம்பெனிக்காரர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு முகம் சிவந்துபோனார். அதிகாரி சந்தோஷப்பட்டு, அப்போது உங்கள் வீடும் தப்பிக்கிறதா என்று கேட்டார். உன் அப்பா, “இல்லீங்க, என் வூட்டுல நாலடி போறது ஆறடி ஆவுது” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது லாரியில் நான்தான் கேட்டேன், ஏன்யா, வராந்தா வராந்தா என்று என்னோடு பேசாமல் கிடந்தாயே, நாலடியை ஆறடி ஆக்கி வைத்திருக்கிறாயே என்று. மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். “அளவு தப்பா இருக்கும்போது எப்படிம்மா சும்மா இருக்கறது” என்றார். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து அவர் எழுதின மனுவை வெளியே எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

டிராம் வருமா என்று கேட்பாய். சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்திருக்கிறது, அது எத்தனை வருஷப் பரிசீலனையோ அண்ணாமலையாருக்கே வெளிச்சம். ஆனால் அந்த அதிகாரி ஒன்று செய்தார். இந்த ஆடிப் பௌர்ணமிக்குப் பாதையில் ஒரு ஓரம் முழுக்கக் கயிறு கட்டி, அவசரத்துக்கு ஒரு ஜீப் போய்வர வழி விட்டார்கள். சாயங்காலம் ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்து கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், பிழைத்துக்கொண்டார், யாரோ ஊர்பேர் தெரியாத மனிதர். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். எல்லம்மாள் அழுதுவிட்டாள். மறுநாளே, கயிறு போதாது, டிராம்தான் வேண்டும் என்று அடுத்த மனுவுக்குக் கிளம்பிவிட்டாள், நானும் போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, டிராம் படியில் அந்த மாதிரி ஒற்றைக் காலில் தொங்காதே, அந்தப் போட்டோவை ஊரே பார்த்துப் பயந்துவிட்டது. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உனக்குத் துணையிருந்து, நீ எடுத்ததெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, அப்பா எழுதச் சொன்னார். அங்கே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே எவ்வளவு அகலம் என்று டேப் வைத்துச் சரியாக அளந்து எழுத வேண்டுமாம். கண் மதிப்பில் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டாராம். வண்டி வராத நேரமாகப் பார்த்து அளக்க வேண்டுமாம்.

ஆசியுடன்
உன் அம்மா
அ. தங்கம்மாள்