சாத்திய படலைகள்

8 மார்ச் 1994, செவ்வாய்

இன்று தம்பியின் அகதி விசாரணை. அமெரிக்க எல்லையோரம், ஆட்களைவிட மாடுகள் கூடிய ஒரு மாவட்டத்தின் வழியாக இரண்டு இரவு நடந்து கனடாவுக்குள் வந்ததைச் சொன்னான். பண்ணைக்குப் பண்ணை முள்ளுக்கம்பி வேலி, படலை. ஒவ்வொரு படலையையும் திறந்து, மறக்காமல் சாத்திவிட்டு நடந்தானாம்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் நின்று படலை சாத்துவானா என்று கேட்டார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் தம்பிமேல்தான் பாய்ந்தேன்.

"உந்தப் படலைக் கதையை ஏன்டா சொன்னனீ?"

"சாத்தாட்டி மாடெல்லாம் ரோட்டுக்கு வந்திடுமெல்லே அக்கா."

ஊரில் எங்கள் வீட்டுப் படலையை ஜீப்பால் இடித்து உடைத்துக்கொண்டு வந்தவர்களிடம் இன்றுவரை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.