முந்திரிப்பால் மரம்

மே 4, திங்கள்

நல்ல வெயில். ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் ஆளே இல்லை. அட்டை வெட்டினேன், சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. ஒன்று கோணல்.

நசீமாவுக்கு ஒரு அட்டை பாக்கி. கோட்டைப்பட்டினத்தில் தையல்காரி. படகு வரைவாள். நேரில் பார்த்ததில்லை. ஆளுக்கொரு படம் வரைந்து, தபாலில் அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்வோம். விற்கக் கூடாது, பின்பக்கம் பேரும் தேதியும் வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

சாயங்காலம் தோப்பில் பச்சை முந்திரிக்கொட்டையை நசுக்கி, அந்தப் பாலைக் குச்சியால் தொட்டு அட்டையில் ஒரு மரம் வரைந்தேன். கறுப்பாகப் போகிற பழுப்பு. எந்தக் கடை மையிலும் கிடைக்காத நிறம். கொஞ்சம் தலைக்கனம்தான்.

மே 6, புதன்

புழுக்கம். மரம் இன்னும் லேசாகப் பிசுபிசுப்பு. போகிற வழியில் காய்ந்துவிடும். தபாலில் போட்டாயிற்று.

வாங்க: பசை, மெல்லிய பிரஷ், உளுந்து.

வீட்டுக்காரர்: "இம்புட்டூண்டு அட்டைக்கா இந்த அலப்பறை?"

மே 12, செவ்வாய்

நசீமா போன். "அக்கா, என்னத்த வச்சு வரைஞ்சீங்க? ஆசையாத் தடவித் தடவிப் பாத்தேன். வெரலெல்லாம் கொப்புளிச்சுப் போச்சு. கத்திரி பிடிக்க முடியல."

முந்திரிப்பால் பட்டால் தோல் வெந்துபோகும். எங்கள் கந்தர்வக்கோட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரையும்போது என் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேனே. அவள் கையை நினைக்கவில்லை.

"அதத் தூக்கிப் போட்டுரும்மா" என்றேன். "வைக்கிறேங்க்கா" என்று போனை வைத்துவிட்டாள். கோபமா, வலியா, தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மே 16, சனி

தபால் இல்லை. கரண்டும் இல்லை. போன் செய்ய இரண்டு தடவை எடுத்து, வைத்துவிட்டேன். இவளும் விட்டுவிட்டால் அட்டை மாற்ற எனக்கு வேறு ஆள் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. இவளைப் பிடிக்கும்.

மாவு புளிக்கவில்லை.

மே 21, வியாழன்

தூறல். தபாலில் கவர், நசீமாவிடமிருந்து. உள்ளே படகு. கோடெல்லாம் நடுக்கம், பாய்மரம் ஒரு பக்கம் சாய்வு. அவள் வரைந்த மாதிரியே இல்லை. திருப்பினால் பேர், தேதி. அதன் கீழே: "இடது கையில வரைஞ்சது. ஒங்க மரத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியாச்சு. இனிமே கடிக்காது."

கடையில் ஆள் நிற்கும்போதே அழுகை வந்துவிட்டது. "தூசிங்க" என்றேன்.

அடுத்த அட்டை என் முறை. பிரஷை இடது கைக்கு மாற்றினேன். ஒரு கோடு போட்டாயிற்று. கண்றாவியாக இருக்கிறது. இதைத்தான் அனுப்பப் போகிறேன்.