கவிதாவின் அர்ஜி

மைசூரு. ஆகஸ்ட் 12, செவ்வாய்.

அடிப்படை உரிமைகள் பாடம் முடிந்ததும், மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம், இந்த ஊர்ப் பேச்சில் அர்ஜி, எழுதிப் பழகச் சொல்லியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு கவிதா தன் தெருவுக்குக் குழாய் கேட்டிருந்தாள். தேதி போடாததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். தாள்களைத் திருப்பித் தர மறந்துவிட்டேன்.

இன்று மாடிப்படியில் வந்து கேட்டாள். "மிஸ், என் அர்ஜிக்குப் பதில் வந்துச்சா? தண்ணி லாரிகிட்ட நிக்கிறப்ப அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு."

அது பயிற்சிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னும் வரலைம்மா, அடுத்த வாரம் கேளு" என்றேன். குரல்கூட மாறவில்லை.

இந்தப் பதிலுக்குப் பழகியவள்போலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது தாள்கட்டைப் பிரித்து அவள் தாளை எடுத்தேன். சிவப்பு மையில் பத்துக்கு ஒன்பது. விடுபட்ட இடத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். உறையில் மாநகராட்சி முகவரியை எழுதக் கை ஓடவில்லை.